லதாக்காவின் டிப்ளோமாவும் என் துப்பறியும் வேலையும்

அடுத்த மாதம் நலன்புரி உத்தியோகத்தர் மேசைக்கு வரப்போகும் தங்கைகள் இருவருக்கும்,

பணி அனுபவம் எழுதுகிறவர்களுக்குத் தலையில் கொஞ்சமாவது நரை இருக்கும். எனக்கு முப்பத்து நாலு வயதுதான் ஆகிறது. இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு வீட்டையும் ஆபீஸையும் சேர்த்துப் பார்க்க முடியாது என்று முடிவாகிவிட்டதால் போகிறேன். இதை ஓய்வு என்று சொன்னால் வீட்டில் துவைக்கக் கிடக்கும் துணிகளே சிரிக்கும். இருந்தாலும் இந்தத் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் எட்டு வருடம் இருந்திருக்கிறேன். ஒழுங்காகச் செய்த காரியங்கள் கோப்புகளில் இருக்கின்றன. பெரிய கிளாக்கர் எடுத்துக் காட்டுவார். கோணலாகச் செய்தவை எந்தக் கோப்பிலும் இல்லை. அவற்றில் ஒன்றையாவது நான் சொல்லாமல் போனால் நீங்களும் அதையே முதலிலிருந்து செய்து பார்ப்பீர்கள்.

உங்களுக்குத் தெரிந்த ஒருவர் வேலைக்கு விண்ணப்பிக்கிறார். அதில் ஒரு தகுதி பொய்யாக இருக்குமோ என்று சந்தேகம் வருகிறது. இது எப்போதாவது வருகிற சங்கடம் என்று நினைக்காதீர்கள். ஊர்களில் எப்படியோ, தோட்டத்தில் விண்ணப்பிக்கிற எல்லோருமே தெரிந்தவர்கள்தான்.

லதாக்கா என்பது அவருடைய உண்மையான பெயரில்லை. எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுதுங்க மிஸ். ஆனா ஒங்க கூத்தையும் மறைக்காம எழுதணும்" என்றார். அந்த நிபந்தனைக்குக் கட்டுப்பட்டு எழுதுகிறேன்.

அப்போது பிள்ளைக் காம்பராவில் ஓர் உதவியாளர் இடம் காலியானது. அம்மாமார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும் நேரத்தில் கைக்குழந்தைகளைக் குளிப்பாட்டி, பால் கொடுத்து, தூங்க வைக்கிற வேலை. அதற்கு அறிவித்தல் எழுதியது நான். எழுதும்போது, "ஆங்கிலத்தில் தயாரித்த சுயவிபரக் கோவையுடன் விண்ணப்பிக்கவும்" என்று ஒரு வரி சேர்த்தேன். அப்படி எழுதச் சொல்லி யாரும் என்னிடம் சொல்லவில்லை. கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும்போது மொழிபெயர்க்கும் வேலை மிச்சமாகும் என்று நினைத்தேன். எழுதிப் பார்த்தபோது அறிவித்தலுக்கு ஒரு கம்பீரமும் வந்திருந்தது. மூன்று இடத்தில் ஒட்டச் சொன்னேன்.

விண்ணப்பங்கள் வந்தன. எல்லாமே நிவித்திகல டவுனில் இருக்கும் ஒரே கொமியூனிகேஷன் கடையில் அடித்தவை. எல்லாவற்றையும் சுற்றி ஒரே பூக்கோலம். எல்லோருடைய பொழுதுபோக்கும் வாசிப்பும் இசையும். எல்லோரும் தலைமைத்துவப் பண்பு மிக்கவர்கள். அதைப் பார்த்து எனக்கு வர வேண்டிய யோசனை வரவில்லை. நம் தோட்டத்துப் பெண்களிடம் இவ்வளவு தலைமைத்துவம் இருப்பது தோட்ட மெனேஜரான துரைக்குத் தெரியுமா என்று பெருமைதான் வந்தது.

அவற்றில் ஒன்று லதாக்காவுடையது.

அவர் எங்கள் குவாட்டர்ஸுக்குக் கீழே இருக்கும் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தார். கணவர் தேயிலை ஃபெக்டரியில் வேலை. என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, நான் ஆபீஸிலிருந்து வர நேரமானால் லதாக்காதான் தூக்கி வைத்திருப்பார். அவருடைய கோவையில், கொழும்பில் இரண்டு வருடம் படித்து தாதியர் பயிற்சியில் டிப்ளோமா பெற்றவர் என்று ஆங்கிலத்தில் இருந்தது. நிறுவனத்தின் பெயர் ஒரு முழு வரிக்கு நீண்டிருந்தது.

அந்த வருடங்களில் லதாக்கா கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தார். அது லயம் முழுக்கத் தெரிந்த விஷயம். வருகிறபோதெல்லாம் அந்த வீட்டு நோனா, வீட்டுக்காரம்மாதான், கொடுத்த சேலைகளைக் கொண்டுவந்து பக்கத்து வீடுகளுக்குக் கொடுப்பார். எங்கே படித்தார், எப்போது படித்தார்?

ஒருவேளை ஞாயிற்றுக்கிழமைகளில் படித்திருக்கலாம் என்று நினைத்தேன். வீட்டு வேலை செய்தவர் படித்திருக்க மாட்டார் என்று நினைக்க நீ யார் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. என் மகளுக்குக் காய்ச்சல் கூடினால் இழுப்பு வரும். அவளும் அந்தப் பிள்ளைக் காம்பராவில்தான் இருந்தாள். அங்கே படித்த தாதி ஒருவர் இருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதி. அந்த டிப்ளோமா பொய் என்று ஒரு மனது சொல்ல, தயவுசெய்து உண்மையாக இருக்கட்டும் என்று இன்னொரு மனது கெஞ்சிக்கொண்டிருந்தது. இரண்டில் எதுவும் உத்தியோகத்தருடைய மனது இல்லை.

என் கணவரிடம் சொன்னேன். அவர் பள்ளிக்கூட ஆசிரியர், விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"அவங்ககிட்டயே கேளு" என்றார்.

"எப்படிங்க கேக்குறது? நம்ம புள்ளய தூக்கி வளத்தவங்க. நீங்க பொய் எழுதியிருக்கீங்களான்னா கேக்க முடியும்?"

"அப்படிக் கேக்காத. இது என்னான்னு கேளு."

"நீங்க சொல்லுவீங்க. நாளைக்கு மூஞ்சில முழிக்கிறது நானு."

"அப்ப எங்கிட்ட ஏன் கேக்குற?" என்று அடுத்த தாளை எடுத்தார்.

சரியான பதில் ஒரே நிமிடத்தில் கிடைத்துவிட்டதால் எனக்கு அதன்மேல் மரியாதை வரவில்லை. நானாகவே விசாரிப்பது என்று தீர்மானித்தேன்.

முதலில் அந்த நீளப் பெயர் நிறுவனத்தின் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தேன். பழைய மாணவி ஒருவரைப் பற்றி உறுதிப்படுத்த வேண்டும் என்று சொல்வதற்கு ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். எடுத்த பெண், "எந்தப் பாடநெறியில் சேர விரும்புகிறீர்கள்?" என்று கேட்டதும், தாதியர் பயிற்சி என்று சொல்லிவிட்டேன். என் பெயரையும் எண்ணையும் வாங்கிக்கொண்டார். இந்த மாதம் சேர்ந்தால் கட்டணத்தில் கழிவு உண்டு என்றார். அதற்குப் பிறகு வெகு காலம் "அன்புள்ள மாணவியே" என்று செய்தி வந்துகொண்டிருந்தது. லதாக்கா அங்கே படித்தாரா என்பது கடைசி வரை தெரியவில்லை. நான் ஏறக்குறைய படித்துவிட்டேன்.

அடுத்ததாக ஒரு பரீட்சை வைத்தேன். லதாக்கா ஒரு நாள் என் மகளுக்குக் கொய்யாப்பழம் கொண்டுவந்திருந்தபோது, பேச்சுவாக்கில் கேட்பது போல, "ஏன்க்கா, ஒரு ஆளுக்கு பிரஷர் எவ்வளவு இருக்கணும்?" என்றேன்.

அவர் பழத்தை வைத்துவிட்டு என் முகத்தை உற்றுப் பார்த்தார். "ஏன் மிஸ், தலைய சுத்துதா?"

"இல்ல, சும்மாதான் கேட்டேன்."

"சும்மா யாரும் பிரஷர் கேக்க மாட்டாங்க. சாருக்குத் தெரியுமா?"

மறுநாள் காலை பெரிய கிளாக்கர் எனக்கு லீவு ஃபோம் எடுத்து நீட்டினார். கங்காணி உப்பைக் குறைக்கச் சொன்னார். மாலைக்குள் எங்கள் வாசலில் மூன்று கட்டு முருங்கைக் கீரை சேர்ந்திருந்தது. ஒரு வாரம் அதைத்தான் சாப்பிட்டோம். பரீட்சைக்கு விடை மட்டும் கிடைக்கவில்லை.

இத்தோடு நிறுத்தியிருந்தால் என் கூத்து எனக்குள் முடிந்திருக்கும். மூன்றாவதாக, லயத்துப் பக்கத்தில் கடை வைத்திருந்த அம்மாவிடம், சவர்க்காரம் வாங்குகிற சாக்கில், "லதாக்கா கொழும்புல என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்க?" என்று கேட்டேன். மிகவும் சாதாரணமாகக் கேட்டதாக நினைப்பு. ஆபீஸில் இருக்கிற ஒருவர் ஓர் ஆளைப் பற்றி அந்த ஆள் இல்லாத இடத்தில் கேட்டால் அது கேள்வியாக இருக்காது, செய்தியாகிவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. நான் சவர்க்காரத்தோடு வீட்டுக்கு வந்தேன். என் கேள்வி கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போனது. அங்கே அதற்குக் கைகால் முளைத்தது. லதா கொழும்பு வீட்டில் நகையைத் திருடி அகப்பட்டுக்கொண்டாளாம், அதுதான் வெல்ஃபெயர் மிஸ் விசாரிக்கிறார்களாம்.

நேர்முகப் பரீட்சைக்கு முதல் நாள் மாலை, மழைக்குள் குடை பிடித்துக்கொண்டு லதாக்கா எங்கள் குசினி வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. காலில் ஏறியிருந்த அட்டையைக் குனிந்து எடுத்து அப்பால் வீசிவிட்டு நிமிர்ந்தார்.

"நான் என்னா திருடுனேன்னு ஒங்களுக்கு யாரு சொன்னாங்க மிஸ்?"

"ஐயோ, நான் அப்படிக் கேக்கவே இல்லக்கா."

"அப்ப எப்படிக் கேட்டீங்க?"

உள்ளே போய்ப் பையிலிருந்து அவருடைய கோவையை எடுத்து வந்தேன். அந்த வரியைக் காட்டினேன்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது. படிங்க."

படித்தேன். தமிழில் சொன்னேன். இரண்டு வருடம், தாதியர் பயிற்சி, டிப்ளோமா.

"டிப்ளோமான்னா போட்டிருக்கான்?"

"ஆமாங்க்கா."

"கடைக்காரப் பையன் என்னா வேல செஞ்சீங்கன்னு கேட்டான். படுத்த படுக்கையா கெடந்த ஒரு பெரிய நோனாவ பாத்துக்கிட்டேன்னு சொன்னேன். அதுக்கு இங்கிலீஷ்ல வார்த்த இல்ல, நர்சிங்னு போடவான்னு கேட்டான். நோயாளிய பாத்தா அது நர்சிங்தானே? ஹரி, சரி போடுன்னேன்." குடையை மடக்கினார். "கூடத்தான் போடுறான்னு எனக்கும் பட்டுச்சு. இல்லன்னு சொல்ல மாட்டேன். எல்லாருக்கும் கூடத்தான் போட்டுக் குடுத்தான்."

"கீழ கையெழுத்து போட்டிருக்கீங்களேக்கா."

"நீங்கதானே மிஸ் இங்கிலீஷ்ல வேணும்னு ஒட்டுனீங்க? படிக்கத் தெரியாததுல கையெழுத்துப் போடாம, வேற என்னா செய்றது?"

பிள்ளை குளிப்பாட்டுகிற வேலைக்கு ஆங்கிலம் கேட்டவள் நான். கேட்டது கிடைத்திருக்கிறது.

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். நேராகத் துரையிடம் போய், விண்ணப்பத்தில் ஒரு பிழை இருக்கிறது, காரணத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அந்த வரியைத் திருத்தி இன்னொரு தாள் தரும்படி லதாக்காவிடம் கேட்டிருக்கலாம். எனக்குத் தோன்றியதோ வேறு. சான்றிதழ்களைப் பார்ப்பது என் பொறுப்பு. நான் கேட்காவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை.

"பிள்ளைக் காம்பராவுக்கு டிப்ளோமா தேவையே இல்லக்கா. நாளைக்கு அதப் பத்திப் பேச்சே வராது. நாமளும் சும்மா இருந்துருவோம்" என்றேன்.

"அப்ப அது பொய்யாவே இருந்துட்டுப் போகட்டுமா?"

"இப்ப கெளறுனா வேல கெடைக்காம போயிரும்."

"ஒங்க இஷ்டம் மிஸ்" என்று குடையை விரித்துக்கொண்டு போனார். அன்று இரவு முழுவதும் நான் பெரிய உபகாரம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு தூங்காமல் படுத்திருந்தேன். உபகாரம் செய்தவர்கள் ஏன் தூங்காமல் இருக்க வேண்டும் என்று ஏனோ தோன்றவில்லை.

மறுநாள் ஆபீஸில் துரை நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் பெரிய கிளாக்கர், மறுபக்கம் நான். லதாக்கா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு எதிரே அமர்ந்திருந்தார். துரை சிங்களவர், லதாக்காவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. துரை கோவையைப் புரட்டினார். ஓர் இடத்தில் நிறுத்தி மறுபடியும் படித்தார். அவர் முகம் மலர்ந்தது.

"தாதி டிப்ளோமா வைத்துக்கொண்டு பிள்ளைக் காம்பராவுக்கா விண்ணப்பித்தீர்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார். "நம் டிஸ்பென்சரி எத்தனை மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. ஆளே கிடைக்கவில்லை. திங்கட்கிழமையே வந்து திறவுங்கள். சான்றிதழைப் பிறகு கொடுத்தால் போதும். மருந்து கொடுக்கவும் ஊசி போடவும் தெரியும்தானே? சம்பளம் இதைப் போல இரண்டு மடங்கு."

லதாக்கா வாயைத் திறந்தார், மூடினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் மறுத்துவிட்டால் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று காத்திருந்தேன். சும்மா இருப்போம் என்று சொன்னவள் நான். என் சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு அவரும் சும்மா இருந்தார். துரை பேனாவைத் திறந்தார்.

டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு வரப்படும் பிள்ளைகளில் இழுப்பு வந்த என் மகளும் ஒருத்தியாக இருப்பாள் என்பது அப்போதுதான் உறைத்தது. மற்றப் பிள்ளைகளை நினைத்துத்தான் பேசினேன் என்று எழுத ஆசை. உண்மை அதுவல்ல.

"சேர், அது சரியில்லை" என்றேன். பிறகு தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் ஒன்றாகக் கலந்து, கொமியூனிகேஷன் கடை, பெரிய நோனா, என் அறிவித்தல் என்று தலைகீழாகச் சொல்லி முடித்தேன். துரை பேனாவை மூடினார்.

"எஹெமத?" என்று லதாக்காவைக் கேட்டார். அப்படியா என்று.

"ஒவ் சேர்." ஆமாம் என்பதைத் துரையை நேராகப் பார்த்தே சொன்னார். "படிக்கல. பாத்துக்கிட்டேன், அவ்வளவுதான்."

துரை என் பக்கம் திரும்பினார். "இது உங்களுக்கு எப்போது தெரியும்?"

"விண்ணப்பம் வந்த அன்றே சந்தேகம் இருந்தது, சேர்."

"இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள்?"

"விசாரித்தேன், சேர்."

"யாரிடம்?"

பெரிய கிளாக்கர் மேசையைக் குனிந்து பார்த்தார்.

"இவரைத் தவிர எல்லோரிடமும், சேர்."

துரை கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கோவையை என் முன்னால் தள்ளிவிட்டு, இந்த அறிவித்தல் செல்லாது, வேறு அறிவித்தல் போடுங்கள் என்று மட்டும் சொன்னார். வெளியே வந்ததும் லதாக்காவிடம் மன்னிப்புக் கேட்க முயன்றேன்.

"விடுங்க மிஸ். டிஸ்பென்சரின்னு சொன்னதும் எனக்கும் ஒரு நிமிஷம் ஆச வந்துருச்சு. நல்ல வேள, நீங்க பேசுனீங்க" என்றார். அதன் பிறகு, "ஒரு நாளைக்கு முன்ன பேசியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

புதிய அறிவித்தலைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதினேன். எந்த மொழியிலும் விண்ணப்பிக்கலாம், எழுத முடியாதவர்கள் ஆபீஸுக்கு வந்து வாயால் சொல்லலாம் என்று சேர்த்தேன். துரையிடம் போய், லதாக்கா எனக்கு வேண்டியவர், அதனால் அடுத்த நேர்முகப் பரீட்சையில் நான் உட்காரவில்லை என்றேன். "இதை முதலிலேயே சொல்வதற்கு என்ன?" என்றார். என்ன என்று எனக்கும் தெரியவில்லை. நீங்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தெரிந்தவர் விண்ணப்பித்தால் அன்றைக்கே சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் விண்ணப்பித்தவரிடமே, தனியாக, அவருக்குத் தெரிந்த மொழியில் கேளுங்கள். பொய்யா என்று கேட்காமல், இது என்ன, இதை யார் எழுதித் தந்தார்கள் என்று கேளுங்கள். பதில் பிடிக்காவிட்டால் அதை அந்த இடத்திலேயே சரிசெய்யுங்கள். பிரஷர் மட்டும் கேட்க வேண்டாம்.

பெண்கள் பலர் வந்தார்கள். லதாக்கா வரவில்லை. முடிவுத் திகதி நெருங்கியபோது நான் லயத்துக்கு இறங்கிப் போனேன். எப்படிப் போனேன் என்று சொல்வதற்கு முன், வேலை அவருக்குத்தான் கிடைத்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்களில் யாராவது என்னைப் போலப் பதறுகிற ஆளாக இருந்தால் பாவம். நகைக் கதைதான் சீக்கிரம் போகவில்லை. கடைக்கார அம்மாவிடமும் மடுவத்திலும் பல பேர் கேட்க, அது நான் செய்த தவறு என்று சொல்லித் திரிந்தேன். கேள்வி ஓடிய வேகத்தில் மறுப்பு ஓடாது.

நான் போனபோது லதாக்கா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அவர் கணவர் என்னைப் பார்த்ததும், "வாங்க மிஸ். இன்னைக்கு என்னா, ஆபரேஷன் செய்யச் சொல்லப் போறீங்களா?" என்றார்.

"சும்மா இருங்க நீங்க" என்று லதாக்கா அதட்டினார். எனக்கு ஒரு பலகையை நகர்த்திப் போட்டார்.

உட்கார்ந்து, தாளையும் பேனாவையும் எடுத்தேன். "கொழும்புல என்ன வேல செஞ்சீங்கக்கா?" என்று கேட்டேன். அவ்வளவு எளிதான கேள்வி அது.

அவர் சொல்லத் தொடங்கினார். பெரிய நோனாவைப் புரட்டிப் படுக்க வைத்தது, முதுகில் புண் வராமல் பார்த்தது, விழுங்க முடியாதபோது கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டியது, மருந்துச் சீட்டில் இருந்த சிங்களத்தைப் படித்து வேளை தவறாமல் கொடுத்தது, அந்த வீட்டுப் பேரப்பிள்ளையையும் சேர்த்து வளர்த்தது. தெரியாதவற்றையும் நானே கேட்டேன். ஊசி போடத் தெரியாது, பிரஷர் பார்க்கத் தெரியாது என்றார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். அவற்றையும் எழுதினேன். முடித்ததும், அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியும் என்பதால் தாளை அவர் கையில் கொடுத்தேன்.

விரலை வைத்து, ஒவ்வொரு வரியாக, மெதுவாகப் படித்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"நாலு வருஷம்னு போட்டிருக்கீங்க."

"நீங்கதானேக்கா சொன்னீங்க."

"வாய்ப் பேச்சுக்குச் சொன்னது. மூத்தவன் பொறந்தப்ப வந்து இருந்தேன்ல, அதக் கழிங்க. தீவாளிக்கும் திருவிழாவுக்கும் வந்தத கழிங்க." தாளை என்னிடம் நீட்டினார். "மிச்சம் எவ்வளவு வருதோ, அத மட்டும் போடுங்க. அப்பறம் நான் கையெழுத்துப் போடுறேன்."